இணைப்பை அனுப்பினால் பாடம் ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

இணையவழி வகுப்புகளில் காணொளிகளைப் பயன்படுத்துவது குறித்துத் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இம்மாதம் எடுத்துக்கொண்டுள்ளோம். பதிலளிப்பவர் பாளையங்கோட்டையில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது மாலை நேரங்களில் இணையவழியே வகுப்பெடுக்கிறார்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் நல்ல காணொளிகளாகத் தேடித்தேடி அனுப்புகிறேன். எல்லோரும் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மறுநாள் இணைய வகுப்பில் கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரிவதில்லை. குறை காணொளியிலா, பிள்ளைகளிடமா, என்னிடமா?
— அறிவியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: மூன்றாவதாகச் சொன்னீர்களே, அதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இணைய வகுப்பு தொடங்கிய புதிதில், ஆறுகளின் போக்கு பற்றி 22 நிமிடக் காணொளி ஒன்றைக் கண்டெடுத்து, அதைவிட அழகாக நானே சொல்ல முடியாது என்ற மகிழ்ச்சியில் குழுவில் அனுப்பினேன். நான்காவது நிமிடத்தில் ஒரு மாணவியிடமிருந்து "பாத்தாச்சி சார்" என்று பதில் வந்தது. அவள் பொய் சொல்லவில்லை. இணைப்பைத் திறந்து பார்த்தாள். அதற்குள் எதைத் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவளும் தேடவில்லை. பாடம் நடத்தும் வேலையை முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் தள்ளிவிட்டு நான் ஓய்வாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதே காணொளியை அடுத்த ஆண்டு வேறு விதமாகக் கையாண்டேன். முழுவதையும் அனுப்பாமல், ஆறு வளைந்து செல்லும் இடத்தை விளக்கும் மூன்று நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். யூடியூப்பில் ஒரு காணொளியைக் குறிப்பிட்ட நொடியிலிருந்து தொடங்கும்படி இணைப்பை அமைத்து அனுப்பலாம். பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் அந்த வசதி கணினியில் கீழேயே தெரியும். ஆனால் இணைப்பை அனுப்புவதற்கு முந்தின நாள் ஒரு கேள்வியை அனுப்பினேன்: "குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் ஆற்றில் இறங்கியிருக்கிறீர்களா? எந்தப் பக்கம் மணல், எந்தப் பக்கம் ஆழம்? 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தாங்கிய அந்தக் கோயிலில், தண்ணீர் வந்து மோதும் பக்கம் ஏன் படகின் முனைபோலக் கூராக இருக்கிறது?" வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வரலாம் என்றும் சேர்த்திருந்தேன்.

வகுப்பில் ஒரு பையன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெளிப்பக்கம் கசம் சார், அங்க போவக்கூடாதுன்னு ஆச்சி சொல்லும். உள்பக்கந்தான் மணலு." கசம் என்றால் ஆற்றில் ஆழமான இடம். அதன் பிறகு காணொளியை ஓட்டினேன். வளைவின் வெளிப்புறத்தில் நீர் விரைவாக ஓடிக் கரையை அரிப்பதும், உட்புறத்தில் வேகம் குறைந்து சுமந்து வந்த மணலை இறக்கிவிடுவதும் படத்தில் வந்தபோது, அது எந்த நாட்டு ஆறாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அது தாமிரபரணியாகவே தெரிந்தது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்தக் கரையில் வீடு கட்டலாமா?" என்று கேட்டேன். முடிந்ததும், பார்த்ததை நோட்டில் படமாக வரைந்து, கசம் எங்கே, மணல் எங்கே என்று குறித்துப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்தப் படங்களைப் பார்த்தாலே யார் கவனித்தார், யார் கவனிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். "பார்த்தாயா?" என்று கேட்க வேண்டிய தேவையே வராது.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் ஒரு காணொளியைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி எது, எந்த நொடியில் நிறுத்துவது, பார்த்த பின் பிள்ளை தன் கையால் என்ன செய்யவேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே அனுப்புங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தக் காணொளி அந்த வகுப்புக்கு வேண்டாம்.

கேள்வி: வகுப்பு நடக்கும்போது என் கணினித் திரையைப் பகிர்ந்து காணொளி போட்டால், படம் விட்டுவிட்டு ஓடுகிறது, ஒலியே கேட்கவில்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் ஒழுங்காக ஓடுகிறதே?
— கணித ஆசிரியர், வள்ளியூர்

பதில்: உங்களுக்கு ஒழுங்காக ஓடுவதில் வியப்பில்லை. காணொளி முதலில் உங்கள் கணினிக்கு வருகிறது. உங்கள் திரையில் ஓடுவதை மென்பொருள் மறுபடியும் படம்பிடித்து, சுருக்கி, உங்கள் இணைய இணைப்பின் வழியே மேலே ஏற்றுகிறது. அங்கிருந்து அது ஒவ்வொரு பிள்ளையின் கைபேசிக்கும் இறங்குகிறது. நம் ஊர்களில் பலருக்கும் இறங்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவு. அசையாத எழுத்துகளையும் படங்களையும் காட்டுவதற்குத் திரைப் பகிர்வு போதும். ஓடும் படத்துக்கு அது திணறிவிடும்.

ஒலி கேட்காததற்குக் காரணம் வேறு. ஜூமில் திரையைப் பகிரும்போதே, கணினியின் ஒலியையும் சேர்த்துப் பகிர்வதற்கான சிறு கட்டத்தில் குறியிடவேண்டும். காணொளிக்கு ஏற்றபடி பகிர்வதற்கும் தனியே ஒரு கட்டம் உண்டு. கூகுள் மீட்டில் முழுத் திரைக்குப் பதிலாக, காணொளி ஓடும் உலாவித் தாவலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பகிர்ந்தால் ஒலியும் போய்ச் சேரும்.

என்றாலும் நான் இப்போது கைக்கொள்ளும் வழி இரண்டுமல்ல. இணைப்பை அரட்டைப் பெட்டியில் போட்டு, "ஐந்து நிமிடம் அவரவர் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். காணொளி நேராக அவர்களிடமே போய்விடும். புரியாத இடத்தைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்க்கும் உரிமையும் அவர்கள் கைக்கு வந்துவிடும். திரைப் பகிர்வில் அந்த உரிமை நம்மிடமே இருக்கிறது.

கேள்வி: வீட்டில் ஒரே கைபேசி, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தான் கிடைக்கிறது. மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ஆசிரியர்களிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.
— ஒரு தாய், களக்காடு

பதில்: அம்மா, நீங்கள் சொல்லத் தயங்குவதை உங்களுக்காக நான் ஆசிரியர்களிடம் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 1 மெகாபிட் என்ற நடுத்தர வேகத்தில் ஓடும் படத்துக்கு 40 நிமிட வகுப்பு ஒன்று 300 மெகாபைட்டைத் தின்றுவிடும். ஐந்து பாடவேளை என்றால் 1,500 மெகாபைட். அதாவது அந்த 1.5 ஜிபியும் தீர்ந்தது. இரண்டாவது பிள்ளைக்கு மிச்சம் ஒன்றுமில்லை. அதே 40 நிமிடத்தை நொடிக்கு 64 கிலோபிட் அளவில் வெறும் ஒலியாகப் பதிவுசெய்து அனுப்பினால் 20 மெகாபைட்கூட ஆகாது. செய்யுள் விளக்கம், வரலாறு, ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி போன்றவற்றுக்கு ஆசிரியரின் முகம் 40 நிமிடமும் தெரியவேண்டும் என்ற கட்டாயம் என்ன இருக்கிறது? ஒலிப்பதிவோடு இரண்டு படங்களை அனுப்பினால் போதுமே.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. யூடியூப்பில் படத்தின் தரத்தை 360 என்ற அளவுக்குக் குறைத்துவையுங்கள். கைபேசியின் சிறு திரையில் பெரிய வேறுபாடு தெரியாது. வாட்ஸ்அப்பில் காணொளிகள் தாமாகவே இறங்குவதை அமைப்புப் பகுதிக்குப் போய் நிறுத்துங்கள். உறவினர் குழுக்களில் வரும் காலை வணக்கங்கள் பிள்ளைகளின் பாடத்தை விழுங்குவது பல வீடுகளில் நடப்பதுதான். 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி உங்கள் கேபிள் இணைப்பில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு டேட்டா வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: மலையடிவாரத்து ஊர்களிலும் மாஞ்சோலைப் பக்கமும் பணத்தைவிடச் சிக்னல்தான் பெரிய தடை. அத்தகைய பிள்ளை வகுப்பில் இருந்தால், வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குள் வரும் பெற்றோரிடம் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள். பழைய முறைதான், ஒருபோதும் இடையில் நிற்காது.

கேள்வி: யூடியூப்பில் உள்ள பிறருடைய காணொளிகளைப் பதிவிறக்கி, தேவையான பகுதிகளை வெட்டி ஒட்டி, என் துறையின் சேனலில் போடலாமா? கல்விக்காகத்தானே, சட்டம் அனுமதிக்கும் என்கிறார் நண்பர்.
— கல்லூரி விரிவுரையாளர், பாளையங்கோட்டை

பதில்: நண்பர் பாதி சரியாகச் சொல்கிறார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்துக்கொள்வதைக் குற்றமாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்து நகலெடுக்கும் கடை வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம், "கற்பித்தலின்போது" என்பதை வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிய பொருளில் மட்டும் கொள்ளாமல் சற்று விரிவாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் அது பதிவுசெய்த மாணவர்களுக்குப் பாடத்துக்காகக் கொடுப்பதைப் பற்றிய பேச்சு. உலகமே பார்க்கும்படி சேனலில் ஏற்றுவது கற்பித்தல் அல்ல, வெளியிடுதல். அதற்கு அந்தப் பிரிவைத் துணைக்கு அழைத்தால் நிற்பது கடினம். யூடியூப்பின் விதிகளும் உரிமையாளரின் அனுமதியின்றிப் பதிவிறக்கி மறுபடி ஏற்றுவதை ஏற்பதில்லை. பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டுத் துணுக்கு இருந்தால்கூட அதன் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிடும்.

அதற்காக வருந்த வேண்டியதில்லை. இணைப்பைக் கொடுப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வெட்டி ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான காணொளிகளைத் தேடுங்கள். 2002 முதல் புழக்கத்தில் உள்ள இந்த உரிமங்களில் படைப்பாளர் தாமே முன்வந்து, "என் பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். சில உரிமங்களில் வணிகத்துக்குக் கூடாது என்றும், சிலவற்றில் மாற்றக்கூடாது என்றும் இருக்கும். மாற்றக்கூடாது என்றிருப்பதை வெட்டி ஒட்டிய வடிவில் வெளியிட முடியாது. யூடியூப்பில் தேடும்போதே வடிகட்டியில் இந்த உரிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம். படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. 2004-இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே யாருடையது, என்ன உரிமம் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை உங்கள் காணொளியின் விவரக் குறிப்பிலும் எழுதிவிடுங்கள். நம்மில் பலர் பிறர் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அடிக்குறிப்பு போடுவதில் காட்டும் கவனத்தைப் படத்துக்குக் காட்டுவதில்லை என்பது என் வெகுநாள் குறை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாய் நெசவை நானே படம்பிடித்துப் பாடமாக ஆக்க நினைக்கிறேன். ஆனால் என் பேச்சில் நெல்லை வழக்கு தானாக வந்துவிடுகிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் கேலி செய்வார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.
— சமூக அறிவியல் ஆசிரியை, பத்தமடை

பதில்: கேலி செய்பவர்களுக்காகவா பாடம் எடுக்கிறீர்கள்? பல ஊடகப் பாடங்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர், மேடைப்பேச்சு நடையில் சொல்லப்படுவதைவிட, நேரில் பேசுவதுபோலச் சொல்லப்படும் பாடமே நன்றாகப் பதிகிறது என்று காட்டியிருக்கிறார். கலைச்சொற்களைத் திருத்தமாகச் சொல்லுங்கள். மற்றபடி உங்கள் வகுப்பில் பேசுவதுபோலவே பேசுங்கள். கோரையை வகிரும்போது அந்தக் கைத்தொழிலுக்கு உரிய சொற்களை நெசவு செய்பவர்கள் வாயாலேயே சொல்லவிட்டு, அவற்றின் பொருளை நீங்கள் அருகில் எழுதிக்காட்டுங்கள். அந்தச் சொற்கள் உங்களைத் தவிர வேறு யார் காணொளியில் கிடைக்கப்போகின்றன?

படம்பிடிப்பதில் கவனிக்கவேண்டியவை சில. தறியை முழுதாகக் காட்டும் தொலைவுக் காட்சி பத்து நொடி போதும். பிறகு கைபேசியை நெய்பவரின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், அவர் பார்க்கிற கோணத்திலேயே விரல்களைப் பிடியுங்கள். எதிரில் நின்று எடுத்தால் வலக்கை இடக்கையாகத் தெரிந்து, பார்த்துச் செய்ய முயலும் பிள்ளை குழம்பும். வெளிச்சம் சன்னல் பக்கமிருந்து வரட்டும். விளக்கத்தை அங்கேயே பேசாமல், வீட்டுக்கு வந்து மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தனியாகப் பதிவுசெய்து சேருங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவாக இல்லாவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும் அலங்காரமும் கற்றலைக் குறைக்கின்றன என்பதும் மேயர் கண்டதுதான்; பாய் அடிக்கும் ஓசையே அங்கு இசை.

நீளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் முறை பாடக் காணொளிகள் பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் அதில் நிலைத்திருப்பது பெரும்பாலும் 6 நிமிடத்துக்குள்தான் என்று கண்டது. கோரை அறுவடை ஒன்று, வகிர்ந்து சாயம் ஏற்றுவது ஒன்று, நெய்வது ஒன்று என்று மூன்றாகவே செய்துவிடுங்கள். நெய்பவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, முடிந்ததும் முதலில் அவர்களுக்குப் போட்டுக்காட்டிய பிறகு பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: காணொளியில் பேசுவதை எல்லாம் எழுத்திலும் திரையில் போட்டால் கூடுதலாகப் பதியும் அல்லவா?
— பயிற்சி ஆசிரியர், சேரன்மகாதேவி

பதில்: பேசுவது முழுவதையும் அப்படியே போட்டால் பதியாது. கண் எழுத்தை வாசிக்கப் போய்விடும். படத்தைப் பார்க்க ஆளிருக்காது. புதிய கலைச்சொல், ஆண்டு, சூத்திரம் ஆகியவற்றை மட்டும் திரையில் போடுங்கள். ஆனால் செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் இருந்தாலும் கணக்கு மாறிவிடும். அவருக்கு முழு வசன வரிகள் வேண்டும். செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளி உள்ள பாளையங்கோட்டைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டுபவர் மட்டும் போட்டுக்கொள்ளவும் மற்றவர் அணைத்துவிடவும் ஏற்றபடி வசன வரிகளைத் தனிக் கோப்பாக இணையுங்கள். தானியங்கியாக உருவாகும் தமிழ் வரிகளை ஒருமுறையாவது வாசித்துத் திருத்தாமல் விடாதீர்கள். அறிவியல் பாடத்தில் அவை செய்யும் கூத்து தனி.

கேள்வி: நாற்பது வருடம் சாக்பீஸோடு பாடம் நடத்தியவன் நான். காணொளி இல்லாமல் எங்கள் காலத்தில் பிள்ளைகள் படிக்கவில்லையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்லிடைக்குறிச்சி

பதில்: படித்தார்கள் ஐயா, தங்களைப் போன்றவர்களிடம் நானும் படித்தேன். கரும்பலகையில் வரைபடம் கோடு கோடாக உருவாவதைப் பார்ப்பதில் உள்ள நன்மை, முடித்துவைத்த படத்தைத் திரையில் காட்டுவதில் இல்லை. இணைய வகுப்பிலும் கைபேசியை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு மேல் குப்புற வைத்து, கீழே வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே பேசினால் அது கரும்பலகைதான்.

ஆனால் சாக்பீஸால் காட்ட முடியாதவை சில உண்டு. இதய வால்வு திறந்து மூடுவது, விதை முளைக்கும் பத்து நாளை அரை நிமிடத்தில் காண்பது, முண்டந்துறைக் காட்டுச் சோலைமந்தி தன் குட்டியைச் சுமந்து தாவுவது இவற்றுக்கெல்லாம் காணொளியே தக்கது. இன்னும் சிலவற்றுக்குக் காணொளியும் போதாது. பிள்ளை தானே மாற்றிப் பார்க்கவேண்டும். மின்சுற்றில் தடையைக் கூட்டினால் விளக்கு என்னாகிறது என்பது அத்தகையது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஃபெட் என்ற தளத்தில் இப்படித் தொட்டு இயக்கும் மாதிரிகள் இலவசமாக உள்ளன, பல தமிழிலும் கிடைக்கின்றன. இவை எதுவுமே வேண்டாத பாடங்களும் நிறைய. நெல்வயலுக்கு நடுவே குடியிருக்கும் பிள்ளைக்கு நாற்று நடுவதைத் திரையில் காட்டுகிற ஆசிரியரை என்னாலும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

கேள்வி: சென்ற ஆண்டு பயன்படுத்திய இணைப்புகள் பல இப்போது திறக்கவில்லை. வகுப்பு நடுவில் விழித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது.
— உயிரியல் ஆசிரியை, நாங்குநேரி

பதில்: காணொளி நம்முடையது அல்ல, அதை ஏற்றியவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஒரு நோட்டில் பாடத்தின் பெயர், காணொளியின் தலைப்பு, ஏற்றியவர் பெயர், நமக்குத் தேவையான நிமிடம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். இணைப்பு போனாலும் தலைப்பை வைத்துத் தேடினால் பெரும்பாலும் வேறு இடத்தில் கிடைக்கும். முக்கியமான பாடங்களுக்கு இரண்டாவது இணைப்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகியுள்ள க்யூ.ஆர். குறியீட்டின் வழியே திக்ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள். வகுப்புக்கு முந்தின நாள் இரவு, உங்கள் கணினியில் அல்ல, வீட்டிலேயே பழையதான கைபேசி எதுவோ அதில், எல்லா இணைப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.